கீழ்வீட்டில் இருந்த கானா

1

சென்ற சனிக்கிழமை லண்டன் சட்டனில் ஒரு பிள்ளை பெரியவளான சாமத்தியவீட்டுக்குப் போயிருந்தோம். மண்டபத்துக் காவலாளி உயரமான ஒரு கறுப்பினத்தவர். அது அவருடைய வேலை இல்லை என்றாலும், கதிரைகளை இழுத்துப் போட எங்கள் ஆட்களுக்குக் கைகொடுத்துக்கொண்டு நின்றார். எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் ஊரிலிருந்து வந்து மூன்று மாதம்தான் ஆகிறது.

"அந்தக் காப்பிலி நல்ல உதவியான ஆள் போல, என்ன அக்கா?" என்றாள்.

குரலில் வெறுப்பு ஏதுமில்லை. பாராட்டித்தான் சொன்னாள்.

"அப்பிடிச் சொல்லாதேங்கோ தங்கச்சி. அது கூடாத சொல்லு."

"அப்பிடியே? எங்கட பக்கத்தில எல்லாரும் அப்பிடித்தானே சொல்லுறவை."

"ஓம். நானும் சொன்னனான்."

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். அதற்குள் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். இடியப்பத்துக்கும் சொதிக்கும் நடுவில் சொல்லி முடிக்கக்கூடிய கதையும் இல்லை அது. ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கும் அந்தத் தங்கச்சிக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

2

எண்பதுகளின் பிற்பகுதியில் நாங்கள் கிழக்கு லண்டனில், பிளேஸ்டோவில் இருந்தோம். ஒரு பழைய செங்கல் வீட்டை மேலும் கீழுமாகப் பிரித்து வாடகைக்கு விட்டிருந்தார்கள். மேல்வீட்டில் நான், இவர், மகள் மயூரி. வாசற்கதவும் அதற்குள் இருந்த ஒடுங்கிய நடையும் இரண்டு வீட்டுக்கும் பொது. இவருக்குப் பெற்றோல் நிலையத்தில் காசாளர் வேலை. நான் சான்ட்விச் செய்கிற ஒரு தொழிற்சாலையில் காலை ஷிப்ட். யாழ்ப்பாணத்தில் எட்டு வருடம் புவியியல் படிப்பித்தவள் என்பதை அங்கே ஒருவருக்கும் நான் சொன்னதில்லை. பாணுக்கு வெண்ணெய் பூசுகிறவளிடம் நைல் நதி எங்கே உற்பத்தியாகிறது என்று யார் கேட்கப் போகிறார்கள்?

கீழ்வீட்டில் மிஸிஸ் மென்சா என்ற ஆபிரிக்கப் பெண் தனியாக இருந்தார். நாற்பது வயதிருக்கும். ஒரு ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிற பகுதியில் வேலை. நான்கு வருடம் ஒரே கதவால் போய் வந்தோம். அந்த நான்கு வருடத்தில் நாங்கள் பேசியதெல்லாம் குளிரைப் பற்றியும் குப்பை வண்டி வருகிற நாளைப் பற்றியும்தான். ஒருமுறை பனி கொட்டி வாசற்படி உறைந்து கிடந்தபோது, விடியமுன் எழும்பி அவர் உப்புத் தூவி வைத்திருந்தார். நான் வழுக்காமல் வேலைக்குப் போனேன். அதற்கு நன்றி சொன்னேனா என்று நினைவில்லை.

வீட்டுக்குள் எங்களுக்கு அவர் "கீழ்வீட்டுக் காப்பிலி". கடிதம் மாறி எங்கள் கட்டுக்குள் வந்துவிட்டால் இவர், "காப்பிலியின்ர கடிதம், படியில வைச்சு விடு" என்பார். மயூரி பள்ளிக்கூடம் விட்டு வந்து நடையில் நின்றால் நான் மேலிருந்து கூப்பிடுவேன்: "காப்பிலி வீட்டு வாசலில என்ன வேலை உனக்கு? மேல வா."

அவர் எங்களுக்கு ஒரு கெடுதலும் செய்தவரல்ல. எங்களுக்கு அவர் மேல் கோபமும் இல்லை. மேசை, கதிரை என்பதுபோல அந்தச் சொல்லும் வாயில் இருந்தது. அதே நாட்களில் ரோட்டில் போகும்போது வெள்ளைக்காரப் பெடியன்கள் எங்களைப் பார்த்து ஒரு சொல்லை எறிவார்கள். நான் வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அழுவேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து, கீழ்வீட்டுப் பெண்ணை அப்படிச் சொல்வேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு அப்போது தோன்றவேயில்லை.

3

மயூரிக்கு ஒன்பது வயது. ஒரு நாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள். வகுப்பில் கண்டங்களைப் பற்றிப் படிக்கிறார்களாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நாடு. தவணை முடிவில் எல்லாவற்றையும் சுவரில் ஒட்டி, பெற்றோரைக் கூப்பிட்டுக் காட்டுவார்களாம்.

"எனக்கு பிரேசில் வேணுமெண்டு கேட்டன் அம்மா. மிஸ் கானாவைத் தந்திட்டா."

எனக்குள் ஏதோ எழும்பி நின்றது. "கானாவோ? ஆபிரிக்கா முழுக்க நான் படிப்பிச்சிருக்கிறன். கொப்பியை எடு."

சமைக்க வைத்த அடுப்பை நிறுத்திவிட்டு இருந்தேன். தலைநகர் அக்ரா. முந்தைய பெயர் தங்கக் கரை. ஏற்றுமதி கொக்கோ, தங்கம், பொக்சைட், மரம். வடக்கே சவன்னாப் புல்வெளி, தெற்கே அயன மழைக்காடு. புத்தகம் இல்லாமல் வரைபடம் போட்டேன். எல்லை நாடுகளையும் குறித்தேன். இங்கு வந்தபின் முதல்முறையாக நான் ரீச்சராக இருந்த மாலை அது. மயூரி எழுதி எழுதிக் கை உளைந்து, "அம்மா, இனிக் காணும்" என்றாள். எனக்குக் காணவில்லை; இன்னும் சொல்ல இருந்தது.

இரண்டு நாள் கழித்துக் கொப்பி திரும்பி வந்தது. அவளுடைய ஆசிரியை மிஸ் ஹார்டிங் பென்சிலால் பணிவாக எழுதியிருந்தார். வடக்கே நான் போட்ட "மேல் வோல்ற்றா" என்ற பெயரைச் சுற்றி ஒரு சிறு வட்டம். அந்த நாடு பெயர் மாறிச் சில வருடங்கள் ஆகிவிட்டதாம். அதன் கீழே: "மிக நல்ல தகவல்கள். இனி, கானாவில் உன் வயதுப் பிள்ளை காலையில் எழும்பி என்ன சாப்பிடும்? அம்மாவை என்னவென்று கூப்பிடும்? உனக்குக் கானாவைச் சேர்ந்த யாரையாவது தெரியுமா?"

நான் கொப்பியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எட்டு வருடத்தில் ஒரு பிள்ளையும் என்னை அந்தக் கேள்வி கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டதில்லை.

"ஆரைத் தெரியும் எங்களுக்கு?" என்றேன்.

"கீழ இருக்கிற அன்ரியைத் தெரியுந்தானே. அவ கானா."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"நான் ஸ்கூலால வரேக்க அவவோட கதைக்கிறனான். எப்பவும். அவவுக்கும் என்ரை வயசில ஒரு மகள் இருக்கு. அட்வோவா. கானாவில பெரியம்மாவோட இருக்கிறா. விசா கிடைச்சாத்தான் வரலாம்."

"இதை ஏன் என்னட்டச் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லையே," என்றாள் மயூரி.

4

வெறுங்கையோடு போகக் கூடாதென்று மறுநாள் மீன் ரோல்ஸ் பொரித்தேன். தட்டை மயூரியிடம் கொடுத்துக் கூட்டிக்கொண்டு இறங்கினேன். பதின்மூன்று படி. நான்கு வருடமாக இறங்கிய படிகள்தான். அன்று அவை நீளமாக இருந்தன.

மிஸிஸ் மென்சா சாப்பிட்டுக்கொண்டிருந்தார் போல. கதவைத் திறந்து எங்களைக் கண்டதும், "நான் சாப்பிடுகிறேன். நீங்களும் அழைக்கப்பட்டிருக்கிறீர்கள்" என்றார். நாங்கள் ஆங்கிலத்தில்தான் பேசினோம், தமிழில் எழுதுகிறேன். ஏதோ பகிடி விடுகிறார் என்று நினைத்து நான் சிரித்துவிட்டேன். பிறகுதான் விளங்கியது, அவர்கள் ஊரில் சாப்பிடும் நேரம் யார் வந்தாலும் அப்படிச் சொல்லித்தான் ஆக வேண்டும். சொல்லாமல் சாப்பிடுவது மரியாதை இல்லை.

மயூரி தட்டை நீட்டினாள், இடது கையால்.

"வலக்கை" என்று நான் தமிழில் சொன்ன அதே நொடியில், "வலது கை, கண்ணே" என்று மிஸிஸ் மென்சா ஆங்கிலத்தில் சொன்னார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். மயூரி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தட்டைக் கைமாற்றினாள். அதன் பிறகு எனக்கு அந்த வீட்டுக்குள் போகக் கூச்சமாக இருக்கவில்லை.

அவர் நிலக்கடலை அரைத்து விட்ட கோழிக் குழம்பும் சோறும் தந்தார். உறைப்பு எங்கள் அளவுக்கே இருந்தது. மயூரி கேள்விக்கு மேல் கேள்வியாகக் கேட்டு எழுதினாள். அங்கே பிள்ளை பிறந்த கிழமையை வைத்து ஒரு பெயர் உண்டாம். அட்வோவா என்றால் திங்கட்கிழமை பிறந்தவள்.

"நீ என்ன கிழமை பிறந்தாய்?"

மயூரி என்னைப் பார்த்தாள். சாதகக் குறிப்புப் பார்த்துப் பழகிய எனக்கு யோசிக்கத் தேவையில்லை. "வெள்ளிக்கிழமை."

"அப்படியானால் நீ அஃபியா," என்றார் மிஸிஸ் மென்சா.

அன்றிலிருந்து கீழ்வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர். அடுத்து வந்த சனிக்கிழமைகளில், தமிழ்ப் பள்ளிக்கூடம் முடிந்ததும் மயூரி நேரே கீழே போய்விடுவாள். நன்றி என்பதற்கு "மெடாசே" என்று சொல்லப் பழகினாள். மிஸிஸ் மென்சா ஒரு நாள் பெட்டியைத் திறந்து, கல்யாணத்தில் எங்கள் பெண்கள் உடுக்கிற கூறைச்சேலை போலப் பாரமான, மஞ்சளும் பச்சையுமாக நெய்த துணியை எடுத்து உடுத்திக் காட்டினார். அதன் பெயர் கென்டே. மயூரி அவரை அந்த உடுப்பில் நிற்கவைத்து வரைந்தாள். அவர் அசையாமல் ஒரு மணி நேரம் நின்றார். நானும் ஒரு மூலையில் இருந்து பார்த்தேன். மகளைப் பிரிந்து ஐந்து வருடம், என் மகளுக்காக அவர் அப்படி நின்றார்.

குரோய்டன் குடிவரவு அலுவலகத்துக்கு அலைந்த கதையும் பேசினோம். நாங்கள் அகதி விண்ணப்பத்துக்காகப் போன அதே பெரிய கட்டடத்துக்கு அவர் மகளின் விசாவுக்காகப் போயிருக்கிறார். எந்த வரிசை கெதியாக நகரும், எந்த ஜன்னலில் இருக்கிறவர் சிரிப்பார் என்பதில் எங்கள் இருவருக்கும் ஒரே அபிப்பிராயம்.

இத்தனைக்கும், வீட்டுக்குள் நாங்கள் அந்தச் சொல்லை விடவில்லை. "காப்பிலி அன்ரி" என்று அது கொஞ்சம் செல்லமாகியிருந்தது, அவ்வளவுதான். செல்லமானபடியால் அது சுத்தமாகிவிட்டது என்று நினைத்தேனோ என்னவோ.

5

பள்ளிக்கூடத்தில் காட்டுகிற நாள் வந்தது. மயூரி மிஸிஸ் மென்சாவையும் அழைத்திருந்தாள். அவர் அரை நாள் லீவு போட்டுவிட்டு, அந்தக் கென்டேத் துணியை உடுத்து மேலே கோட் போட்டுக்கொண்டு வந்தார். இவருக்கு ஷிப்ட். நாங்கள் மூன்று பேரும் நடந்து போனோம்.

சுவரில் கானாவுக்கு நல்ல இடம். நடுவில் மயூரி வரைந்த படம். படத்தின் கீழே ஆங்கிலத்தில் "கானாவைச் சேர்ந்த என் அன்ரி மென்சா." அதற்கும் கீழே, நீல மையில் பெரிய பெரிய தமிழ் எழுத்துகள். ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டு மொழியிலும் ஒரு வசனம் எழுத வேண்டும் என்று மிஸ் ஹார்டிங் சொல்லியிருந்தாராம். எனக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று மயூரி வீட்டில் காட்டாமல் எழுதியிருந்தாள்.

"இவ எங்கட கீள்வீட்டு காப்பிலி அன்ரி. எனக்கு இவவில நல்ல விருப்பம்."

நான் வாசித்தேன். அந்த மண்டபத்தில், மயூரியை விட்டால், அதை வாசிக்கக்கூடியவள் நான் ஒருத்திதான்.

"எவ்வளவு அழகான எழுத்துகள்," என்றார் மிஸ் ஹார்டிங். மயூரி பெருமையாக என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மிஸிஸ் மென்சா என் பக்கம் திரும்பினார். "என்ன எழுதியிருக்கிறாள்?"

"நீங்கள் எங்கள் கீழ்வீட்டு ஆபிரிக்க அன்ரி என்று. உங்களில் நல்ல விருப்பம் என்று," என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. விரலை எழுத்துகளின் மேல் மெல்ல ஓட்டினார். "இதில் எது ஆபிரிக்கா?"

நான் காட்டினேன். கடவுளே, நான் அந்தச் சொல்லைத்தான் காட்டினேன்.

அவர் கைப்பையைத் திறந்து பேனையும் ஒரு கடித உறையும் எடுத்தார். "இதைப் பார்த்து எழுதி அட்வோவாவுக்கு அனுப்பப் போகிறேன். லண்டனில் ஒரு பிள்ளை உன் அம்மாவைப் பற்றி எந்த எழுத்தில் எழுதியிருக்கிறாள் பார் என்று." உறையின் பின்பக்கத்தில், படம் கீறுகிறவர் போலக் கவனமாக, "கா" என்ற எழுத்தைத் தொடங்கினார்.

மயூரி இன்னொரு பிள்ளையின் படம் பார்க்க ஓடிவிட்டாள். நான் மிஸிஸ் மென்சாவின் கையைப் பிடித்தேன்.

"அதை எழுத வேண்டாம்."

"ஏன்?"

"அது ஆபிரிக்கா இல்லை. நான் பொய் சொன்னேன். உங்கள் ஆட்களுக்கு எங்கள் ஆட்கள் சொல்கிற சொல் அது. நல்ல சொல் இல்லை. மயூரிக்கு அது தெரியாது. என் வாயில் கேட்டதைத்தான் எழுதியிருக்கிறாள்."

அவர் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அதை எப்படிச் சொல்வீர்கள்?"

நான் மெதுவாகச் சொன்னேன்.

"இந்தச் சொல் எனக்குத் தெரியும்," என்றார். "கொஞ்சம் வேறு மாதிரி. தென்னாபிரிக்காவில் வெள்ளையர்கள் இதைச் சொல்லிச் சொல்லித்தான் எங்கள் ஆட்களை அடிக்கிறார்கள்."

தென்னாபிரிக்காவின் தங்கத்தையும் வைரத்தையும் எட்டு வருடம் படிப்பித்தவள் நான். இது எனக்குத் தெரியாது.

அவர் பேனையை மூடினார். "இன்று பிள்ளைக்குச் சொல்ல வேண்டாம். இன்று அவளுடைய நாள்," என்றார். திரும்பி வரும்போது மயூரி எங்கள் இருவருக்கும் நடுவில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். வாசலில் மிஸிஸ் மென்சா குனிந்து, "நல்லா இரு, அஃபியா" என்று அவளுக்கு மட்டும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

6

அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மயூரியை இருத்திச் சொன்னேன். அவள் முதலில் நம்பவில்லை. பிறகு அழுதாள். பிறகு கேட்டாள்:

"நீங்கள்தானே அம்மா ஒவ்வொரு நாளும் சொல்லுறனீங்கள்?"

"ஓம்."

"ரோட்டில அவங்கள் எங்களைச் சொல்லுற மாதிரியோ?"

"ஓம். அதே மாதிரித்தான்."

இவர் இடையில் வந்து, "தெரியாமல் எழுதினவள்தானே, விடுங்கோவன்" என்றார். மயூரி அவர் பக்கம் திரும்பி, "அப்பா, நீங்களும்தான்" என்றாள். அதற்குப் பிறகு அவர் வாயில் அந்தச் சொல்லை நான் கேட்கவில்லை.

மயூரி அடுத்த நாள் மிஸ் ஹார்டிங்கிடம் போய், எழுத்துப் பிழை இருக்கிறது என்று சொல்லி அந்தத் துண்டைக் கழற்றி வாங்கினாள். புதிதாக, "இவ எங்கட மென்சா அன்ரி" என்று எழுதி ஒட்டினாள். யாரிடமும் கேட்கவில்லை. எனக்குச் சொல்லிக்கொடுக்க ஒன்றும் மிச்சமிருக்கவில்லை.

மிஸிஸ் மென்சா மயூரிக்குக் கதவைத் திறந்தார். எனக்கு நடையில் தலையாட்டுவார், அவ்வளவுதான். மூன்று வாரம் அப்படிப் போனது. நான் இரண்டு தரம் மன்னிப்புக் கேட்கப் போய் வாசலோடு திரும்பி வந்தேன். மூன்றாம் தரம் கதவைத் தட்டினேன். அவர் கதவைப் பாதி திறந்து அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் மனப்பாடம் செய்து வந்த ஆங்கில வசனங்கள் எல்லாம் எங்கேயோ போய்விட்டன. "நான் செய்தது பிழை," என்றேன். "அன்று மட்டுமில்லை. நான்கு வருடமும்."

"ஒன்று கேட்க வேண்டும்," என்றார் அவர். "அது ஆபிரிக்கா என்றே நீ விட்டிருக்கலாம். எனக்கு ஒருநாளும் தெரிந்திருக்காது. ஏன் சொன்னாய்?"

"நீங்கள் அதை உங்கள் மகளுக்கு எழுதப் பார்த்தீர்கள்."

நடையில் யாரோ எறிந்துவிட்டுப் போன விளம்பரத் தாள்கள் கிடந்தன. அவர் அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கதவை முழுக்கத் திறந்தார்.

"அடுப்பில் குழம்பு இருக்கிறது. உள்ளே வந்து பேசு," என்றார்.

மன்னித்தேன் என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அன்று நிலக்கடலைக் குழம்புக்கு எந்தப் பதத்தில் கடலையைப் போட வேண்டும், எண்ணெய் எப்போது மேலே மிதக்கும் என்று காட்டித் தந்தார்.

7

அட்வோவாவுக்கு விசா கிடைக்க இன்னும் ஒன்றரை வருடம் ஆனது. கடிதம் வந்த அன்று மிஸிஸ் மென்சா படியேறி ஓடி வந்து, எங்கள் குசினியில், அடுப்படியில் நின்றபடியே உரத்து வாசித்தார். இவர்கூடக் கண்ணைத் துடைத்தார்.

பிள்ளை வருகிற நாளுக்கு முதல் நாள் மிஸிஸ் மென்சா தன் வீட்டுச் சாவியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

"விமான நிலையத்தில் எவ்வளவு நேரம் மறிப்பார்களோ தெரியாது. நாங்கள் வந்து சேரும்போது வீடு சூடாக இருக்க வேண்டும், சாப்பாடு சூடாக இருக்க வேண்டும். நீதான் சமைக்க வேண்டும்," என்றார்.

தேவாலயத்தில் அவருக்கு எத்தனையோ சொந்த ஊர்ப் பெண்கள் இருந்தார்கள். அவர்களில் யாரையாவது கேட்டிருக்கலாம்.

நான் லீவு எடுத்தேன். விடியற்காலையே கீழே இறங்கி ஹீற்றரைப் போட்டேன். கோழி வெட்டி, கடலை அரைத்து, அவர் காட்டித் தந்த பதத்தில் குழம்பு வைத்தேன். என் கல்யாணத்துக்குப் பிறகு மாமியாருக்கு முதல்முறை சமைத்தபோதுகூட இப்படிப் பயந்ததில்லை. மயூரி சோற்றைப் பார்த்துக்கொண்டாள்.

மத்தியானத்துக்குப் பிறகு வாசலில் டாக்சி வந்து நின்றது. மெலிந்த, நெடிய பிள்ளை, தனக்குப் பெரிதான கோட்டுக்குள் நின்றாள். தாயையே அவள் இன்னும் ஒரு புது ஆளைப் பார்ப்பது போலத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏறத்தாழ ஏழு வருடம் அல்லவா? மேசையில் இருத்தி நான் சோறு போட்டு, குழம்பு விட்டேன். முதல் வாய் வைத்தாள். நிமிர்ந்து தாயிடம் தங்கள் மொழியில் மெதுவாக ஏதோ கேட்டாள். மிஸிஸ் மென்சா என்னைக் காட்டிப் பதில் சொன்னார். அதில் எனக்கு விளங்கிய ஒரே சொல் "அன்ரி".

பிள்ளை என்னைப் பார்த்தாள். பிறகு தட்டை என் பக்கம் நகர்த்தி வைத்தாள், இன்னும் கொஞ்சம் போடச் சொல்லி.

அந்தப் பிள்ளை இந்த நாட்டில் சாப்பிட்ட முதற்சோறு என் கையால் போட்டது. லண்டன் உனக்கு என்ன தந்தது என்று ஊரில் இருந்து கேட்கிறவர்களுக்கு நான் வீட்டையோ மகளின் படிப்பையோ சொல்வதில்லை. இதைத்தான் சொல்கிறேன்.